பத்து மீட்டர் தூரம்

சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை தன் பெயரிலேயே ஒரு சந்தை நாளைத் தாங்கி நிற்கும் பகுதி. ஒரு பக்கம் லீ பஜாரின் மண்டிகள். அவற்றில் மூட்டைகளும் தராசுகளும். மறு பக்கம் குறுகிய சந்துகள். அவற்றில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே இரண்டு பாடங்கள் தெரிந்துவிடும். தராசு பொய் சொல்லக் கூடாது என்பது ஒன்று. வேலை செய்யும் கை நடுங்கக் கூடாது என்பது மற்றொன்று. இந்த இரண்டு பாடங்களையும் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், கையில் ஒரு கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு, நான் மறுபடியும் படிக்க நேர்ந்தது. அந்த ஒரு காலை நேரத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். என் தமையனார் இளமையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். சலங்கை மணிகளை ஒவ்வொன்றாகக் கண்ணியில் கோத்துப் பற்றவைக்கும் வேலையில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. ஒரு பொங்கல் விடுமுறையில் சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்துக்கு விருந்தாகப் போயிருந்தோம். காட்டுப் பன்றியை விரட்டுவதற்காகத் தோட்டக்காரர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி ஒன்று சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் ரவையையும் இடித்து நிரப்பும் பழைய வகை. அண்ணன் அதைக் கையில் எடுத்தார். “பயப்படாதீங்க, அது காலிதான்” என்றார் வீட்டுக்காரர். அண்ணன் இடக்கையால் குழலின் வாயைப் பற்றிக்கொண்டு அதை ஆராய்ந்தார். அடுத்த கணம் வெடித்தது. இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. அவற்றோடு அவர் தொழிலும் போயிற்று. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் ஒரு கடையில் கணக்கு எழுதியே குடும்பத்தை நடத்தினார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் துப்பாக்கி என்ற பேச்சே கிடையாது. தீபாவளிக்குக் குழந்தைகள் கேட்கும் பொட்டுவெடித் துப்பாக்கியைக்கூட நான் வாங்கித் தந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில், கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒருநாள் மாலை ஒரு விண்ணப்பத் தாளை நீட்டினாள். தேசிய மாணவர் படையில் அவள் சேர்ந்திருந்தாள். அங்கே துப்பாக்கி சுடுவதில் அவளுக்கு நல்ல கை இருக்கிறது என்று கண்டு, முறையான பயிற்சிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் பயிற்சி. பெற்றோர் கையொப்பம் வேண்டும். “பெரியப்பா கையைப் பார்த்துமா கேட்கிறாய், கண்ணு?” என்றேன். அவள் பதில் பேசாமல் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தத் தாள் பன்னிரண்டு நாட்கள் அங்கேயே கிடந்தது.

இதை நான் நண்பர்களிடம் சொன்னேன். எனக்கு நெடுநாளைய நண்பர்கள் மூவர். ஒருவர் லீ பஜாரில் மண்டி வைத்திருப்பவர். ஒருவர் கொலுசுப் பட்டறை உடைமையாளர். என் தமையனோடு ஒரே பட்டறையில் தொழில் பழகியவர். மூன்றாமவர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். இந்தப் பேராசிரியர், ஓய்வுக் காலப் பொழுதுபோக்காகக் குறி பார்த்துச் சுடுவதைத் தேர்ந்துகொண்டு, அப்போதுதான் ஒரு புதிய காற்றுக் கைத்துப்பாக்கியும் வாங்கியிருந்தார். “ஓய், பார்க்காமலே தீர்ப்புச் சொல்லுகிற நீதிபதி உண்டா? ஞாயிற்றுக்கிழமை வந்து பாரும். புதுத் துப்பாக்கியை நாலு பேருமாகச் சோதித்துப் பார்ப்போம்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. போனேன்.

ஊருக்குச் சற்று வெளியே ஒரு நீண்ட கொட்டகை. ஒரு கோடியில் வரிசையாக மேசைகள். மறு கோடியில் இலக்கு அட்டைகள். இரண்டுக்கும் நடுவே சரியாகப் பத்து மீட்டர். போர்க்களத்தின் சாயலை எதிர்பார்த்துப் போன எனக்கு, நூல் நிலையத்துக்குள் நுழைந்தது போல இருந்தது. அவ்வளவு அமைதி. இடையிடையே ‘டப்’ என்று ஒரு மெல்லிய ஓசை, அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஐம்பது வயது அம்மாள் ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியர் பெட்டியைத் திறந்தார். துப்பாக்கியின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. மரத்தாலான கைப்பிடி, உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருந்தது. குழலுக்குக் கீழே ஓர் உருளை. அதில் அழுத்தி அடைக்கப்பட்ட காற்று. கரிமருந்து இல்லை, நெருப்பு இல்லை, புகை இல்லை. விசையை அழுத்தினால் ஓர் அளவு காற்று விடுபட்டு, 4.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு ஈயக் குண்டைத் தள்ளுகிறது. அந்தக் குண்டின் எடை ஏறக்குறைய அரை கிராம். கொலுசுக்கார நண்பர் அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்து, “ஒரு சலங்கை மணி கனம்கூட இல்லையே!” என்றார்.

ஆனால் அந்த இளம் பயிற்சியாளர் எங்களை உடனே சுட விடவில்லை. அரை மணி நேரம் விதிகளையே சொன்னார். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருத வேண்டும். குழலின் வாய் எப்போதும் இலக்கின் திசையையே நோக்க வேண்டும். சுடத் தீர்மானிக்கும் வரை விரல் விசையின்மேல் போகக் கூடாது. சுடாத நேரத்தில் குழலுக்குள் ஒரு நிறக் கயிறு நுழைக்கப்பட்டிருக்க வேண்டும். கயிறு இரு புறமும் வெளியே தெரிந்தால்தான் குழல் காலி என்று பொருள். யாராவது இலக்கின் பக்கம் போகும்போது எவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ‘நிறுத்து’ என்ற ஒரு சொல் கேட்டால், யார் சொன்னது, ஏன் சொன்னார் என்று ஆராயாமல் அந்தக் கணமே நிறுத்த வேண்டும்.

முதல் விதியைக் கேட்டபோது என் மனம் மலையடிவாரத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அன்று அந்த வீட்டில் ஒருவருக்கேனும் இந்த ஒரு வரி தெரிந்திருந்தால்!

பிறகு சுடும் முறையைச் சொன்னார். இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். ஒரே கையால்தான் துப்பாக்கியைப் பிடிக்கலாம். மற்றக் கை சட்டைப் பையிலோ இடுப்பிலோ அடங்கியிருக்க வேண்டும். குழலின் பின்புறம் ஒரு சிறு பிளவு; முன்புறம் ஒரு சிறு மேடு. அந்த மேடு பிளவின் நடுவே நின்று, இரு புறமும் சமமான வெளிச்சம் தெரிய வேண்டும். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்த வேண்டும். பின்பு விசையை, பழத்தை அழுத்திப் பார்ப்பது போல, மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். எந்தக் கணத்தில் குண்டு கிளம்புகிறது என்பது சுடுகிறவனுக்கே தெரியாமல் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு வியப்பான செய்தி. கண் எதைப் பார்க்க வேண்டும் தெரியுமா? இலக்கை அன்று. முன்புறத்து மேட்டையே கூர்ந்து பார்க்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். மண்டிக்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “அடிக்க வேண்டியது அங்கே, பார்க்க வேண்டியது இங்கேயா?” என்று கேட்டார்.

பேராசிரியருக்கு வகுப்பறை கிடைத்துவிட்டது. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். மாணவர்களே, நீங்களும் இதைப் போட்டுப் பார்க்கலாம். பின் பிளவுக்கும் முன் மேட்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 32 சென்டிமீட்டர். இலக்கோ 10 மீட்டர் தொலைவில், அதாவது அதைப்போல ஏறக்குறைய 31 மடங்கு தூரத்தில் இருக்கிறது. கை ஆடும்போது துப்பாக்கி முழுவதும் ஒரே சீராக 5 மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும். ஆனால் முன் மேடு மட்டும் 1 மில்லிமீட்டர் சாய்ந்துவிட்டால் குண்டு 31 மில்லிமீட்டர் விலகிப் போகும். இலக்கின் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான், அதற்கு வெளியே ஒவ்வொரு வட்டமும் 8 மில்லிமீட்டர் அகலம். ஆகவே அந்த ஒரு மில்லிமீட்டர்ப் பிழை, பத்துப் புள்ளியை ஏழு புள்ளி ஆக்கிவிடும். தொலைவில் நடக்கும் பெரிய பிழை, நம் கண்ணருகே நடந்த சிறிய பிழையின் பெருக்கமே. அதனால்தான் கண் இங்கே இருக்க வேண்டும்.

இலக்கை வளைத்து நிற்கும் இந்த வட்டங்கள் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கியபோதே துப்பாக்கி சுடுதலும் அவற்றில் இருந்தது. பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி 1988-இல் சியோலில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. இப்போது அதன் தகுதிச் சுற்றில் அறுபது குண்டுகள் சுட வேண்டும்; அதற்கு ஒன்றேகால் மணி நேரம் தருகிறார்கள். உடல் ஓடுவதில்லை, தாவுவதில்லை. ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரமும் மனம் ஓடாமல் நிற்க வேண்டும். ஓடுவதைவிட நிற்பது கடினம் என்பதை அன்று கண்டுகொண்டேன்.

முதலில் பேராசிரியர் ஐந்து குண்டுகள் சுட்டார். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தோம். ஐந்தும் நடுவட்டத்துக்கு இடப்புறம் விலகி, ஆனால் ஒன்றையொன்று ஒட்டி விழுந்திருந்தன. எனக்குப் பரிதாபமாக இருந்தது, அவருக்கோ பெருமகிழ்ச்சி! “குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்தால் பிழை துப்பாக்கியில். ஒரு திருகாணியில் அது சரியாகிவிடும். சிதறி விழுந்தால் பிழை என்னிடத்தில். அதற்குத் திருகாணி கிடையாது” என்றார். பின் பிளவின் பக்கத்தில் இருந்த திருகாணியை வலப்புறமாகச் சிறிது நகர்த்தினார். அடுத்த ஐந்து குண்டுகள் நடுவை நெருங்கிவிட்டன. மண்டிக்காரருக்கு இது உடனே விளங்கிற்று. எப்போதும் ஒரே அளவு குறைத்துக் காட்டும் தராசை, ஒரு தட்டில் சிறு கல்லைக் கட்டிச் சரி செய்துவிடலாம். ஒரு தடவை கூட்டியும் ஒரு தடவை குறைத்தும் காட்டும் தராசை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டியதுதான்.

அடுத்து மண்டிக்காரர் சுட்டார். ஓசைக்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு விசையை ‘வெடுக்’கென்று இழுத்தார். பத்துக் குண்டுகளில் இரண்டு அட்டையிலேயே படவில்லை. கொலுசுக்காரரோ முதல் நாளிலேயே எழுபதுக்கு மேல் புள்ளிகள் எடுத்துப் பயிற்சியாளரையே வியப்பில் ஆழ்த்தினார். எனக்கு வியப்பு இல்லை. நாற்பது ஆண்டுகளாக ஊதுகுழலை வாயில் வைத்துச் சுடரை ஒரு கண்ணிமேல் மட்டும் படும்படி மூச்சை அளந்து விட்டுப் பழகியவர் அவர். மூச்சு அவருக்குக் கட்டுப்பட்ட வேலையாள்.

பின்பு என் முறை. முதல் ஐந்து குண்டுகளில் இருபத்தொரு புள்ளிகள்தான் கிடைத்தன. எனக்கு உள்ளூரச் சினம் வந்தது. திருகாணி மறுபடியும் நகர்ந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஆறாவது குண்டை இட்டு, துப்பாக்கியை மூடி, கையை உயர்த்தப் போகும் சமயம் பின்னாலிருந்து மண்டிக்காரர், “என்ன ஓய், கன்னி முயற்சி எப்படி?” என்று கூப்பிட்டார். நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். கையில் இருந்த துப்பாக்கியும் என்னோடு திரும்பிற்று.

“நிறுத்துங்க!”

அந்தக் குரல் கொட்டகை முழுவதும் ஒலித்தது. எல்லா மேசைகளிலும் கைகள் ஒரே கணத்தில் தாழ்ந்தன. பயிற்சியாளர் என் மணிக்கட்டைப் பிடித்துக் குழலை இலக்கின் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். நான் நின்ற நிலையில் பார்த்தேன். குழல் நோக்கியிருந்த இடத்தில், பத்தடி தூரத்தில், அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் நின்றுகொண்டிருந்தான்.

நேயர்களே, குண்டு கிளம்பவில்லை. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் என் உடம்பு முழுவதும் வியர்த்துவிட்டது. காற்றுத் துப்பாக்கிதானே என்று இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. அந்த அரை கிராம் ஈயம் ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது. மலையடிவாரத்து வீட்டுக்காரரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் மனத்துக்குள் சபித்து வந்திருக்கிறேன். பொறுப்பற்றவர், கொடியவர் என்றெல்லாம். அவர் கொடியவர் அல்லர் என்பது அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்தது. என்னைப் போன்ற ஒரு சாதாரண மனிதர்; என்னைப் போலவே சிரித்துக்கொண்டு, ஒரு கணம் மறந்து போனவர். வேறுபாடு ஒன்றே. அங்கே ‘நிறுத்து’ என்று சொல்ல ஒருவர் இல்லை. இங்கே ஒருவர் இருந்தார்.

பயிற்சியாளர் கோபித்துக்கொள்ளவில்லை. “சார், கொஞ்ச நேரம் உட்காருங்க. இன்னிக்கு நீங்க கற்றுக்கொண்டது இனி மறக்காது” என்றார். அவருக்கு என் மகனைவிடக் குறைந்த வயதுதான் இருக்கும். அவர் முன் நான் தலை குனிந்து நின்றதில் எனக்கு வெட்கம் இல்லை. கற்றுத் தருபவர் எந்த வயதினராயினும் ஆசிரியரே.

நான் உட்கார்ந்திருந்தபோது பேராசிரியர் ஒரு வரலாற்றைச் சொன்னார். ஹங்கேரி நாட்டில் கரோலி தகாச் என்ற படைவீரர் இருந்தார். கைத்துப்பாக்கி சுடுவதில் வல்லவர். 1938-இல் பயிற்சியின்போது ஒரு கையெறிகுண்டு வெடித்து, அவருடைய வலக்கை சிதைந்துபோயிற்று. சுடும் கையே அதுதான். மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர், யாரிடமும் சொல்லாமல் இடக்கையால் சுடப் பழகினார். உலகப் போரால் 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவே இல்லை. அவர் காத்திருந்தார். 1948-இல் லண்டனில், தம் முப்பத்தெட்டாம் வயதில், இடக்கையால் சுட்டுத் தங்கப் பதக்கம் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கியில் மீண்டும் பெற்றார்.

நம் நாட்டிலும் அத்தகைய பொறுமைக்குச் சான்று உண்டு. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்ற பெண்ணின் கைத்துப்பாக்கி, போட்டியின் நடுவே பழுதாகிவிட்டது. அதைச் சரி செய்வதில் நேரம் போயிற்று. இறுதிச் சுற்றுக்குத் தகுதியும் கைநழுவிற்று. அவர் துப்பாக்கியைத் துறந்துவிடவில்லை. 2024-இல் பாரிஸில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் நீள்துப்பாக்கிப் பிரிவில் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவின் சார்பில் நின்றவர்.

நம் நாட்டில் ஒரு காலத்தில் இது எளிதாக இருக்கவில்லை. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தால் அந்நிய ஆட்சி இந்தியர் கையிலிருந்து ஆயுதங்களை அகற்றிற்று. விடுதலைக்குப் பின், 1951-இல் தேசிய ரைபிள் சங்கம் தோன்றியது. மக்களவையின் முதல் தலைவரான மவ்லாங்கர் அதற்கு வித்திட்டவர். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அச்சட்டத்தின்படி 21 வயது நிரம்பாதவர் சுடுகருவியைச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. முறையான பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. வேட்கைக்கு வேலி வேண்டும், ஆனால் கல்விக்கு வாயில் வேண்டும் என்பதே இதன் கருத்து.

சிறிது நேரம் கழித்து எழுந்தேன். மீதி ஐந்து குண்டுகளையும் சுட்டேன். இப்போது புள்ளிகளை நான் எண்ணவில்லை. குழல் எங்கே நோக்குகிறது என்பதையே எண்ணினேன். முப்பத்து மூன்று கிடைத்தன. ஆக மொத்தம் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு. பத்துப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

அன்று மாலை தமையனார் வீட்டுக்குப் போனேன். நடந்தவற்றை ஒளிக்காமல் சொன்னேன், நான் திரும்பிய கதை உட்பட. மகளின் விண்ணப்பத் தாளையும் காட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்வார். அந்தச் சொல்லின் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம் என்பதே என் எண்ணம். அவர் தம் மூன்று விரல் கையால் தாளை வாங்கி, விளக்கருகே பிடித்துப் படித்தார்.

“தம்பி, அந்தக் கூடத்தில் ‘காலிதான்’ என்று யாராவது சொன்னார்களா?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணா. அங்கே அந்தச் சொல்லையே யாரும் நம்புவதில்லை. கயிறு வெளியே தெரிந்தால்தான் நம்புகிறார்கள்.”

“என் விரலைக் கொண்டுபோனது துப்பாக்கி என்றுதான் நீ இத்தனை நாளும் நினைத்தாய். நான் அப்படி நினைக்கவில்லை. பார்க்காமலே சொன்ன ஒரு வார்த்தையும், பார்க்காமலே நம்பிய என் அவசரமும்தான் கொண்டுபோயின. பார்த்துப் பழகச் சொல்லித்தரும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாமல், வேறு எங்கே அனுப்புவாய்?” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து தம் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பதின்மூன்றாம் நாள் நான் கையொப்பமிட்டேன்.

மாணவ நண்பர்களே, நீங்கள் எல்லோரும் துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் ஆற்றல் உடைய ஏதேனும் ஒன்று உங்கள் கைக்கு வந்தே தீரும். அது ஒரு வாகனமாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், மின்சாரமாக இருக்கலாம், பிறர்மேல் அதிகாரமாகவும் இருக்கலாம். அப்போது மூன்றைச் செய்யுங்கள். ‘இதில் ஆபத்து ஒன்றும் இல்லை’ என்று பிறர் சொல்வதை உங்கள் கண்ணால் சோதித்துக்கொள்ளுங்கள். யாராவது கூப்பிட்டால் திரும்புவதற்கு முன், கையில் இருப்பது எந்தப் பக்கம் நோக்குகிறது என்று பாருங்கள். ‘நிறுத்து’ என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களைவிட இளையவராயினும், முதலில் நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு கேளுங்கள்.

என் மகள் இப்போது ஞாயிறுதோறும் பயிற்சிக்குப் போகிறாள். அவள் அட்டைகளில் சிலவற்றை என் தமையனார் வாங்கி வைத்திருக்கிறார். பத்துப் புள்ளியில் விழுந்த துளைகளை விட்டுவிட்டு, விலகி விழுந்தவற்றைத்தான் அவர் விரலால் தடவிப் பார்க்கிறார். “இது ஏன் இங்கே போயிற்று, கண்ணு?” என்று கேட்கிறார். அவளும் யோசித்துப் பதில் சொல்கிறாள்.